ஆணிக்கு ஒரு மாதம்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தொன்பது வயதில், மூன்று அலமாரி நிறையப் புத்தகம் படித்த பிறகு, சுவரில் நானே போட்ட பதினான்கு ஓட்டைகளை நான் கருப்பட்டி வைத்து அடைத்தேன். அறியாமையால் அல்ல, படிப்பால். பழைய கட்டடங்களுக்குச் சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்து அரைத்துப் பூசினார்கள், அதனால்தான் அவை இன்னும் நிற்கின்றன என்று எங்கேயோ வாசித்திருந்தேன். கோட்டையைத் தாங்கிய கலவை வாடகை வீட்டு ஓட்டையைத் தாங்காதா என்று தோன்றிற்று. வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு வாங்கினேன். கருப்பட்டி வீட்டில் இருந்தது. கடுக்காய் கிடைக்கவில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் கடுக்காய் இல்லாததுதான் காரணம் என்று கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அந்தச் சுவருக்குச் சொந்தக்காரரைப் பற்றி.

திருநெல்வேலி கொக்கிரகுளத்தில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வளவு. தெருவுக்கு ஒரே வாசல். உள்ளே போனால் சுவரோடு சுவர் ஒட்டி மூன்று வீடுகள். முதல் வீட்டில் அவர். நடுவீட்டில் நானும் மனைவியும். கடைசி வீட்டில் இன்னொரு குடும்பம். அவர் பெயரை வளவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அண்ணாச்சி என்றால் அவர்தான். அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருடம் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவர். “இந்த ஜில்லாவுல பாதிப் பேரு நெஞ்செலும்ப நான் பாத்திருக்கேன்” என்பார். அதில் பெருமை இருந்தது, பாசம் இருந்ததாகத் தெரியவில்லை. தெருவில் யாராவது வணக்கம் வைத்தால் ஆளை அடையாளம் தெரியாமல் அப்படியே நிற்பார்.

“எந்த எலும்பு வே?”

“இடது முழங்கை அண்ணாச்சி. பஸ்ஸுல இருந்து விழுந்தேன்லா.”

“ஆங், முழங்கை. கோணலாக் கூடிட்டே அது. இப்பமும் மடக்க முடியாதே?”

“முடியாது அண்ணாச்சி.”

“எனக்கு அன்னைக்கே தெரியும்.” முகம் மலர்ந்துவிடும். தெரிந்திருந்தும் அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று எந்த எலும்பும் அவரைக் கேட்டதில்லை.

வீடு பார்க்கப் போன அன்று அவர் எங்கள் ஊர், உத்தியோகம், உணவு எதையும் விசாரிக்கவில்லை. “சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது” என்றார்.

“சரி அண்ணாச்சி” என்றேன்.

“எல்லாரும் சரிம்பாங்க. அடிச்சா நான் துட்டு புடிக்க மாட்டேன், சண்டைக்கும் வரமாட்டேன். ஆணிக்கு ஒரு மாசம் கழிச்சிருவேன். பதினோரு மாசம் எழுதுதோம். ரெண்டு ஆணி அடிச்சீங்கன்னா ஒம்பதாம் மாசம் சட்டி பானையத் தூக்கிட்டுப் போயிரணும். அம்புட்டுதான்.”

என் மனைவி நியாயமான கேள்வி ஒன்று கேட்டாள். “இருக்கிற ஆணியில மாட்டிக்கிடலாமா?”

“இருக்கான்னு பாருங்க.”

பார்த்தோம். மூன்று அறை, ஒரு அடுக்களை. ஒரு ஆணிகூட இல்லை. சுவர்கள் பிறந்த குழந்தையின் முதுகுபோல இருந்தன. இவ்வளவு அம்மணமான ஒரு வீட்டை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

ஊருக்கு ஒரு சட்டம், தனக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டவர் அல்ல. அவர் வீட்டிலும் இதே கதைதான். கடிகாரம் ஜன்னல் விளிம்பில் மல்லாந்து கிடக்கும். நாள்காட்டி குளிர்சாதனப் பெட்டியின் தலையில். காலமாகிவிட்ட மனைவியின் படம், மாலையும் பொட்டுமாக, கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். வந்தவர்கள் தெரியாமல் அதை நகர்த்தப் போனால், “அது அவ இடம்” என்பார். உயிரோடு இருந்தபோது அந்த அம்மாளுக்கு அந்த வீட்டில் உட்கார நேரம் கிடைத்திருக்காது என்று என் மனைவி சொன்னாள்.

எங்களுக்கு முன்பு நடுவீட்டில் இருந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய அப்பா அந்த வீட்டில்தான் இறந்தார். பதினாறாம் நாள் விசேஷத்தன்று அப்பா படத்தைக் கூடத்தில் மாட்டினார் வாத்தியார். அண்ணாச்சி போனார். படத்துக்குப் பூப் போட்டார். பந்தியில் உட்கார்ந்தார், பாயசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார், கை கழுவினார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே வாத்தியாரிடம் சொன்னார்: “சாப்பாடு ரொம்பத் திருப்தி. ஒரு மாசம் போயிட்டு.”

இதை எனக்குச் சொன்னது அந்த வாத்தியார் அல்ல. அண்ணாச்சியே சொன்னார். சொல்லிவிட்டு, “துக்கம் வேற, சுவரு வேற சார்வாள்” என்றார்.

மாதம் பிறந்தால் ஒன்றாம் தேதி காலை சோதனை. ஆற்றில் குளித்துவிட்டு, ஈரத் துண்டு தோளில் கிடக்க, பட்டப்பகலில் கையில் டார்ச்சோடு வருவார். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, மற்றக் கையின் உள்ளங்கையைச் சுவரில் பரத்தி, பைய நடப்பார். மாட்டுத் தரகர் மாட்டைத் தடவுவதுபோலத் தடவுவார். எங்களை வரிசையாக நிற்கவைத்து, “மூச்ச இழுத்துப் புடிங்க” என்பார். விளையாட்டுக்குத்தான். ஆனாலும் பிடிப்போம். சுவர் முடிந்த பிறகு, “விடுங்க” என்பார். முன்பு கடைசி வீட்டில் இருந்த, புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, ஆணி இல்லாமல் ஒட்டுகிற பிளாஸ்டிக் கொக்கி ஒன்றைக் கதவுக்குப் பின்னால் ஒட்டி, சோதனைக்கு முந்திய நாள் பிய்த்தெடுத்திருக்கிறது. பசை போன இடம் ஒரு நயா பைசா அளவு சொரசொரப்பு. உள்ளங்கை அங்கே வந்து நின்றதாம். “இது அரை ஆணி” என்று பதினைந்து நாள் கழித்துவிட்டார்.

என்னிடம் அவருக்கு ஒரு தனிப் பிரியம் இருந்தது என்று நினைத்திருந்தேன். தினமும் காலை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “சார்வாள் வாசிச்சா கேக்க நல்லாருக்கு” என்று பத்திரிகையைக் கையில் கொடுப்பார். தலைப்பிலிருந்து காலமானார் விளம்பரம் வரை முழுதும் வாசிப்பேன். என் உச்சரிப்பை இந்த உலகத்தில் மதித்த ஒரே மனிதர். ‘ழ’கரம் வருகிற இடங்களில் கொஞ்சம் நிறுத்திக்கூட வாசிப்பேன்.

கடைசி வீட்டில் இருந்தது காயல்பட்டினத்துப் பெண். முப்பது வயது இருக்கும். கணவர் வளைகுடாவில். உடன் இருந்த அம்மாவுக்கு, அவள் சொல்லில் உம்மாவுக்கு, இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்திருந்தார்கள். வாரம் மூன்று நாள் உடற்பயிற்சிச் சிகிச்சை, அது திருநெல்வேலியில்தான். அதற்காக இங்கே வீடு தேடியிருக்கிறாள். பத்து வீட்டில் பெயரைக் கேட்டதும், “இப்பத்தான் ஒருத்தர் பேசிட்டுப் போனாரு” என்று சொல்லியிருக்கிறார்கள். பதினோராவதாக அண்ணாச்சி. “ஆணி அடிப்பியா?” “மாட்டேன் அண்ணாச்சி.” “வந்துரு.” அவருக்கு மனிதர்களில் இரண்டே சாதி. அந்த விஷயத்தில் ஊரைவிட அவர் எவ்வளவோ மேல்.

அவளும் என்னைப்போல வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். வெளிநாட்டில் இருக்கிற நம்மூர்ப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி வழியாகக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தாள். சொந்த ஊரில் உம்மா வீட்டில் தங்கைமாரும் அவர்கள் பிள்ளைகளுமாகச் சந்தைக்கடை. இங்கே ஒரு வெள்ளைச் சுவரும் அமைதியும் கிடைத்ததில் அவளுக்கு ரொம்பச் சந்தோஷம். ஒருமுறை இணையப் பெட்டியைச் சரிபார்க்கக் கூப்பிட்டிருந்தாள். பெட்டி ஒரு முறத்தில் இருந்தது. முறம் முக்காலியில். கடிகாரம் மடித்த போர்வைமேல். “ஒரு ஆணிக்கு எம்புட்டு வேலை பாருங்க” என்று நான் அண்ணாச்சி காதில் விழாமல் கேலி பேசினேன்.

“அடுத்தவங்க சுவரு காக்கா. நமக்கு எதுக்கு?” என்றாள். காக்கா என்றால் அவர்கள் பக்கம் அண்ணன்.

உம்மாவின் எக்ஸ்ரே படத்தை அவள் அண்ணாச்சியிடம் கொண்டுவந்து காட்டியதையும் பார்த்திருக்கிறேன். படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் பிடித்தார்.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“எலும்பு கூடிட்டு, இன்னும் மூணு மாசம் விடாம நடக்கப் பழக்கினா கம்பில்லாம நடந்துருவாங்கன்னாரு அண்ணாச்சி.”

“அதான் நானும் பாக்கேன். மூணு மாசம். நடுவுல விட்டா அப்புறம் நடை வராது. விட்டுராத.”

உம்மா சுவரைப் பிடித்துத்தான் நடந்து பழகினார்கள். ஒரு உள்ளங்கை சுவரில், ஒரு கை மகள் தோளில். பன்னிரண்டு எட்டு வரை நடை வந்திருந்தது. சுவரில் கை பட்டு ஒரு வரி லேசாகக் கறுத்தது. அண்ணாச்சி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது அழுக்கு. ஆணி இல்ல” என்று விட்டுவிட்டார். அவர் காட்டி நான் பார்த்த ஒரே கருணை அது.

இனி என் பிரதாபம்.

நான் ஒரு சென்னைக் கம்பெனிக்கு விதிமுறைக் கையேடுகளைத் தமிழாக்கிக் கொடுக்கிறவன். வாரம் ஒருநாள் கணினியில் முகம் காட்டிக் கூட்டம். என்னைவிடப் பதினெட்டு வயது சின்ன மேலாளர் ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும், “சார், உங்களுக்குப் பின்னாடி என்ன சார், தோரணமா?” என்றான். கொடியில் என் பனியன்கள். அன்றே முடிவு செய்தேன். இணையத்தில் போய்ப் பார்த்தால், உலகம் முழுக்க மனிதர்கள் தங்கள் கையாலேயே சுவரில் ஒரு பலகை மாட்டி, அதில் காகிதப் பைகள், பேனாக் கிண்ணங்கள், சாவிக் கொக்கிகள், ஒரு சின்னச் செடி என்று அழகாக வாழ்கிறார்கள். அந்தச் செடிதான் என்னைக் கவிழ்த்தது. நானும் நாலடிக்கு மூணடி ஒட்டுப்பலகை வாங்கினேன். நல்லெண்ணெய் டப்பாக்களை வெட்டிப் பேனாக் கிண்ணம் ஆக்கினேன். பழைய ஜீன்ஸின் பைகளைக் கத்தரித்துத் தாள் செருக ஒட்டினேன். எல்லாம் முடிந்து, அதைச் சுவரில் மாட்டவேண்டிய கட்டம் வந்தது.

“அவருக்குத் தெரிஞ்சா?” என்றாள் மனைவி.

“பலகை மறைச்சிரும்லா. நாலே நாலு ஓட்டை. காலி பண்ணும்போது அடைச்சிரலாம்.”

துளை போடுகிற மிஷின் ஒன்று வாங்கினேன். அவர் ஆற்றுக்குப் போகிற ஒரு மணி நேரம்தான் வேலை நேரம். சத்தம் அக்கம்பக்கம் கேட்காமலிருக்க, நான் மிஷினை அழுத்தும்போதெல்லாம் மனைவி கிரைண்டரை ஓட்டுவாள். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் தோசை, அடை, வடை. மிஞ்சிய மாவு தினமும் ஒரு தூக்குச்சட்டியில் கடைசி வீட்டுக்குப் போனது. “அக்கா, எதுக்கு இவ்வளவு?” என்று கேட்டாளாம். “அரைச்சுட்டேன்மா” என்றாளாம் இவள்.

பழைய காரைச் சுவர். ஒரு இடத்தில் துளை போட்டால் நாலு விரல் தள்ளிப் பெயர்ந்தது. திருகாணி பிடிக்கிற ஆப்பு நிற்கவில்லை. வேறு இடம், வேறு நீளம். நடுச்சுவரை நாலரை அங்குலக் கனத்தில்தான் கட்டியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. மூன்று தடவை மிஷின் திடீரென்று வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கிற்று. திறமை கூடிவிட்டது என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் பலகை மாட்டி முடிந்தது. ஆறாம் நாள் கூட்டத்தில், காலாண்டு இலக்கு பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது, என் முதுகுக்குப் பின்னால் செடியோடு சேர்ந்து அது விழுந்தது. “சார், நிலநடுக்கமா?” என்றான் மேலாளர்.

ஓட்டைகளை எண்ணினேன். பதினான்கு. ஒப்பந்தமோ பதினோரு மாதம். அண்ணாச்சிக் கணக்குப்படி, அந்த வீட்டுக்குக் குடிவருவதற்கு மூன்று மாதம் முன்பே நான் காலி செய்திருக்கவேண்டும். அந்தக் கலவரத்தில்தான் பழைய கட்டடக் கலை நினைவுக்கு வந்தது.

அடைத்தபின் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலை சுவரில் பதினான்கு கறுப்புப் பொட்டுகள். ஒவ்வொரு பொட்டுக்கும் தரையிலிருந்து ஒரு கோடு. எறும்புகள். நான் போட்ட ஒவ்வொரு ஓட்டையையும் ஒன்று விடாமல் கண்டுபிடித்து, வரைபடம் போட்டு வைத்திருந்தன. எறும்புச் சாக்கட்டி வாங்கிவந்து சுவர் முழுக்கக் கோடு கிழித்தேன். மறுநாள் ஒரு எறும்பு இல்லை. பலகையைத் தூக்கி மேசைமேல் வைத்து, ஓட்டைகளை மறைத்துச் சுவரில் சாய்த்தேன். அதுவும் பார்க்க நவீனமாகத்தான் இருந்தது. எறும்புகள் எங்கே போயின என்று நான் யோசிக்கவில்லை. போனால் போதும் என்றிருந்தது.

ஒன்றாம் தேதி. அன்று அண்ணாச்சி கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிடுகிற குரல் கேட்டது. போனேன்.

பீரோவை நகர்த்திப் போட்டிருந்தார்கள். அவர் வலது கையை உதறிக்கொண்டிருந்தார், எறும்பு கடித்திருந்தது. பீரோ மறைத்திருந்த சுவரில் மூன்று ஓட்டைகள். மூன்றிலும் எறும்பு. சுற்றிலும் காரை அவள் பக்கமாகப் பூப்போல விரிந்து வெடித்து, கீழே தூள் கொட்டிக் கிடந்தது. எதிர்ப் பக்கத்திலிருந்து குத்தி வெளியே வந்தது என்று பால்குடி மறக்காத பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

“மூணு ஆணி” என்றார். “நாலு மாசம் பாக்கி இருந்துச்சு. மூணு போனா ஒண்ணு. இந்த மாசக் கடைசி.”

“அண்ணாச்சி, அல்லா மேல ஆணையா நான் அடிக்கல. பீரோவுக்குப் பின்னால எப்படி அடிப்பேன்? ஓட்டை அந்தப் பக்கமிருந்து வந்திருக்கு. காரை இங்கனதான பேந்து நிக்கி?” அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். உள்ளறைக் கட்டிலில் இருந்து உம்மா, “என்னம்மா அங்க?” என்று கேட்டார்கள்.

அவர் என் பக்கம் திரும்பினார். டார்ச்சை என் கையில் கொடுத்தார்.

“சார்வாள், நீங்க பாத்துச் சொல்லுங்க. இந்த ஓட்டை எங்கனயிருந்து வந்தது? நீங்க என்ன சொல்லுதீங்களோ அதான். நான் மறுவார்த்தை பேச மாட்டேன்.”

எத்தனையோ கொடூரமான மனிதர்களைப் படித்திருக்கிறேன். இப்படி ஒருவரை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை என்று அந்த நிமிடம் தோன்றியது. இவர் மனிதனின் நெஞ்சுக்குள் பார்த்தே பிழைத்தவர். என் நெஞ்சுக்குள் அந்த மிஷின் இருப்பது இவருக்குத் தெரிகிறது. தெரிந்துகொண்டே டார்ச்சை என்னிடம் கொடுத்து, இவள் முன்னால் என்னை ஆடவிட்டு வேடிக்கை பார்க்கிறார். அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பார்த்துச் சிரித்த முகமாக நின்றார்.

குனிந்து பார்த்தேன். விரலால் தொட்டுப் பார்த்தேன். டார்ச்சை இப்படியும் அப்படியும் அடித்தேன். சொல்லவேண்டியது ஒரே ஒரு வாக்கியம்.

“பொதுவா, எந்தப் பக்கம் அடிக்கோமோ அந்தப் பக்கம்தான் காரை பேரும், அண்ணாச்சி” என்றேன். தெரியவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் படித்தவன் பாருங்கள், ஒரு விதியையே உண்டாக்கிக் கொடுத்தேன்.

“எங்க பக்கம் ஒண்ணுமில்ல” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

“சரி. அப்ப முடிஞ்சிட்டு” என்றார் அவர்.

அவள் என்னைப் பார்த்தாள். “காக்கா” என்றாள். குனிந்து காரைத் தூளை ஒரு காகிதத்தில் கூட்டி அள்ளினாள்.

எங்கள் வீட்டுச் சோதனைக்கு அவர் வரவே இல்லை. வாசலில் ஒரு நிமிடம் நின்று, டார்ச்சை அணைத்துவிட்டு, “சார்வாள் வீட்ட என்னத்தப் பாக்க” என்று போய்விட்டார். அதற்கடுத்த மாதங்களிலும் அதேதான். தண்டனை இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒன்றாம் தேதி காலை வந்தால் பலகை ஓட்டைகளை மறைக்கிறதா என்று நாலு தடவை போய்ப் பார்ப்பேன். அவர் உள்ளே வந்து பலகையைத் தூக்கிப் பார்த்துத் தொலைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

சொல்வதற்கு எனக்கு முப்பது நாள் இருந்தது. தினமும் காலை அவருக்குப் பத்திரிகை வாசித்தேன். தலைப்புச் செய்தி முடிந்ததும் சொல்லிவிடுவது என்று போவேன். அது முடிந்தால், விளையாட்டுப் பக்கம் முடியட்டும் என்று தோன்றும். கடைசியில் காலமானார் பக்கம் வந்துவிடும்.

“இன்னைக்காவது சொன்னீங்களா?” என்பாள் மனைவி.

“சொன்னா நாம எங்க போக? பதினாலு ஓட்டை.”

“நமக்கு நாளைக்கே பத்து வீடு கிடைக்கும். அவளுக்குக் கிடைக்குமா?”

அதற்காக நான் அவளுக்கு வீடு தேடப் போனேன் என்பதையும் பதிவு செய்கிறேன். அந்த மாதிரி வேலைகளில் எனக்குச் சுறுசுறுப்பு உண்டு. வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலுமாக நாலு வீடு பார்த்தேன். “யாருக்கு சார்?” என்பார்கள். சொல்வேன். “இப்பத்தான் ஒருத்தர் பேசிட்டுப் போனாரு” என்பார்கள். ஒருவர் மட்டும் என் முகத்துக்காகக் கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீங்க ரொம்ப நல்லவரா இருக்கீங்களே சார்” என்றார்.

கிளம்புவதற்கு முந்திய நாள் என் மனைவி பாத்திரம் கட்ட உதவிக்குப் போனாள். எங்கள் தூக்குச்சட்டியைக் கழுவி, வெறுமனே தரக்கூடாது என்று அதில் அவர்கள் பக்கத்து இனிப்பான வட்டலப்பம் வைத்துக் கொடுத்தாளாம் அந்தப் பெண். கொடுக்கும்போது, “கிரைண்டர் ஓடும்போதெல்லாம் எங்க சுவரு அதிர்ந்துச்சுக்கா. பெரிய கல்லு போலன்னு நெனச்சுக்கிட்டேன்” என்றாளாம். வட்டலப்பத்தை மனைவி தொடவில்லை. வீணாக்கக் கூடாது என்று நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

உம்மாவை நாற்காலியோடு தூக்கித்தான் வண்டியில் ஏற்றினார்கள். அண்ணாச்சி வாசலில் நின்று, “நடைய விட்டுராதீங்க” என்று புத்தி சொன்னார். காயல்பட்டினத்திலிருந்து திருநெல்வேலிக்கு வாரம் மூன்று நாள் வண்டி வைத்து வருவது ஒரு மாதம்கூட நடக்கவில்லை. வீட்டில் பிள்ளைகளின் இரைச்சலில் வகுப்புகளும் ஒவ்வொன்றாக நின்றன. அடுத்த வருடம் மனைவி தொலைபேசியில் விசாரித்தபோது உம்மா கட்டிலோடுதான் இருந்தார்கள். “பன்னிரண்டு எட்டுலயே நின்னுட்டு அக்கா” என்றாளாம்.

நான் ஒப்பந்தம் முடிந்து, முறைப்படி, ஒரு மாதமும் கழியாமல் காலி செய்தேன். கிளம்புவதற்கு முன்பு ஒரு பெயிண்டரைக் கூட்டிவந்து, அண்ணாச்சி ஆற்றுக்குப் போன நேரத்தில், பதினான்கு ஓட்டைகளையும் கடையில் விற்கிற பட்டி வைத்து மெழுகி வெள்ளையடித்தேன். சாவியை வாங்க வந்தவர் அந்தச் சுவரில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை உள்ளங்கையை ஓட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினார்.

“இத்தனை பேரு இருந்துட்டுப் போயிருக்காங்க. சுவர சுவரா வச்சிருந்தது சார்வாள் ஒருத்தர்தான்” என்றார்.

என் வாழ்நாளில் யாரும் என்னை இவ்வளவு நயமாகச் செருப்பால் அடித்ததில்லை. இரண்டு வருடம் அந்த வாக்கியத்தை மனதில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். நண்பர்களிடம்கூட, திருநெல்வேலியில் ஒரு மகா குரூரமான மனிதரை எனக்குத் தெரியும், வாயைத் திறக்காமலே ஆளைக் கொல்வார் என்று அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

போன தை மாதம் அவர் காலமானார். பத்திரிகையில் பார்த்துவிட்டுத் துட்டி கேட்கப் போனேன். மகன் ஓசூரிலிருந்து வந்திருந்தார். கூடத்தில் இப்போது இரண்டு நாற்காலிகள், இரண்டிலும் மாலை போட்ட படங்கள். எதையாவது சொல்லவேண்டுமே என்று, “அப்பா பார்வை அப்படியே எக்ஸ்ரேதான் தம்பி. அவர் கண்ணுல இருந்து ஒண்ணும் தப்பாது” என்றேன்.

மகன் என்னைக் கொஞ்சம் வினோதமாகப் பார்த்தார்.

“அப்பாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை சார். அஞ்சாறு வருஷமா எல்லாமே நிழல் மாதிரிதான். வெளிய தெரிஞ்சா குடியிருக்கவங்க ஏமாத்திருவாங்கன்னு சும்மா டார்ச்ச வச்சுக்கிட்டுத் திரிஞ்சாரு. ஆபரேஷனுக்கு நாள்கூடக் குறிச்சாச்சு, வரமாட்டேன்னுட்டாரு. நடுவீட்டுல படிச்ச சார்வாள் ஒருத்தர் இருக்காரு, உள்ளத உள்ளபடி பாத்துச் சொல்லுதாரு, பெறவு எனக்கு எதுக்குலே கண்ணுன்னாரு.”